கார்பன் மட்டையும் களிமண் மைதானமும்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் ராணி ராம்பால் கதைக்குள் போய் மட்டையை விட்டுவிடுவேன். ஜலந்தரில் செய்த காம்போசிட் ஹாக்கி மட்டை, அதாவது மரமில்லை, நார்களைப் பிசினில் இறுக்கிச் செய்தது. நீளம் 36.5 அங்குலம், எடை 530 கிராம் வாக்கில், கார்பன் 30 சதவீதம், மீதி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், வளைவு மிட் போ (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). விலை 3,000 ரூபாயை ஒட்டி. கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே அளவில் இதே சரக்கை அங்கே பல கம்பெனிகள் போடுகின்றன, ஸ்டிக்கரை உரித்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. நான் மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் பெண்கள் டீமுக்கு வாங்கியது. ஒரு சம்பாவும் ஒரு கோடையும் எங்கள் மண்ணில் அடிபட்ட பிறகுதான் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் போடுகிற ரிவ்யூக்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மட்டையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. யூடியூபில் கிடைக்கிற மட்டை ரிவ்யூ அத்தனையும் நீல டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்), தண்ணீர் தெளித்து, பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் ஆடிப் பார்த்துச் சொன்னவை. எங்கள் மைதானம் வண்டல் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவு சேறு, தண்ணீர் வடிய வாய்க்கால் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. தை, மாசி அறுப்பில் மைதானத்தின் ஒரு பாதி நெல் காயும் களமாகிவிடும். இங்கே காயவைக்காதீர்கள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல, என்னிடம் ஆடுகிற பிள்ளைகள் வீட்டு நெல்லும் அதில்தான் கிடக்கிறது. சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பை மூட யாரோ ஒரு காலத்தில் கப்பி கொட்டி ரோலர் விட்டிருக்கிறார்கள், அந்தக் கப்பி இப்போது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கல்லில் பட்ட பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது.

இந்த மண்ணில் மட்டை தாங்கியதா என்றால், தாங்கியது. தரையில் உரசுகிற அடிவளைவில் பெயிண்ட் சீக்கிரமே போய்விட்டது, அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், கப்பித் தரையில் எந்த மட்டைக்கும் அதே கதிதான். பெயிண்ட் போன இடத்தில் ஃபைபர் நார் பிசிறு பிசிறாக எழும்பும், அதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் சென்டர் ஹாஃப் பெண் ஒருநாள் உள்ளங்கையை நீட்டி, "மிஸ், ஏதோ குத்திக்கிட்டே இருக்கு, கண்ணுக்குத் தெரியல" என்றாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் முடி மாதிரி மெல்லிசாக ஒரு சிலாம்பு. அன்றைக்கே எல்லா மட்டையின் அடியிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே துணி டேப்பை இழுத்துச் சுற்றிவிட்டோம். டேப் சுற்றுவதில் விதிப்படி தப்பில்லை. பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், டேப்போடு சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். டேப் நைந்துபோனால் மாற்றுகிறோம், கீழே நார் பத்திரமாக இருக்கிறது. வாங்கின கையோடு டேப் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கிரிப்தான் இந்த மட்டையில் மோசம். கம்பெனி சுற்றி அனுப்புகிற கிரிப் பஞ்சுபோல மெத்தென்று இருக்கிறது, கடையில் தொட்டுப் பார்க்கும்போது சொகுசு, எங்கள் ஊர் வேர்வையில் அது நனைந்த துணி. மழைக்காலத்தில் சேற்றோடு ஷெட்டில் வைத்துப் பூட்டினால் திங்கட்கிழமை கதவைத் திறக்கும்போதே வாடை தூக்கும். ரப்பர் கிரிப் தனியாக வாங்கி மாற்றினோம், மட்டைக்கு நூற்றுச் சொச்சம் கூடுதல் செலவு. அதையும் சேர்த்துத்தான் விலையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடிக்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகும், விறைப்பானால் பந்து வேகமாகப் போகும், ஆனால் பந்தை நிறுத்தும்போது அந்த அதிர்வு முழுக்கக் கைக்கு வரும், பந்து மட்டையை விட்டு எட்டித் தெறிக்கும். ஃபைபர் கிளாஸ் கூடுதலாக இருந்தால் கொஞ்சம் வேகம் குறையும், பந்து மட்டையோடு சேர்ந்து நிற்கும். எகிறி வருகிற பந்தை நிறுத்துவதே பாதி ஆட்டமாக இருக்கிற எங்கள் தரையில் இரண்டாவதுதான் வேண்டும். 30 சதவீதம் என்பது இதில் நல்ல இடம். முன்பு வைத்திருந்த மரமட்டையிலிருந்து இதற்கு மாறின பிள்ளைகள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள், புஷ் பாஸ் முன்னைவிட நீளமாகப் போகிறது. மார்கழிக் காலையில் ஹிட் அடித்தால் விரல் விண்ணென்று தெறிக்கும் என்ற புகாரும் குறைந்துவிட்டது.

வளைவு பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் கடையில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மட்டையைத் தரையில் படுக்க வைத்தால் நடுவில் வில் போல எழும்பி நிற்கும். விதிப்படி அந்த எழுச்சி 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வளைவின் உச்சி மட்டையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே வரக் கூடாது. அந்த எல்லை வரைக்கும் இறங்கி வளைவு வைத்திருப்பது லோ போ. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி எறிகிற டிராக் ஃபிளிக்குக்கு அது சௌகரியம், பந்தைத் தூக்கி அடிக்கவும் வாகு. ஆனால் தட்டையாக ஒரு ஹிட் அடிக்க வேண்டும் என்றால் புதுப் பிள்ளைகளுக்குப் பந்து காற்றில் எழும்பிவிடும், பள்ளிப் போட்டியில் எதிரே நிற்கிற பெண்ணின் முழங்காலுக்குப் போனால் ஃபவுல் மட்டுமில்லை, ஆஸ்பத்திரி. கப்பியில் இழுத்து ஃபிளிக் அடிக்கவும் முடியாது, பந்து பாதி வழியிலேயே துள்ளிவிடும். வளைவின் உச்சி அதைவிட மேலே, நடுவாக்கில் இருக்கிற மிட் போ போதும், இன்னும் இரண்டு மூன்று வருஷத்துக்குப் போதும்.

சரி, ராணி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மட்டையை வாங்கப் போன இடத்தில் எங்கள் ஃபார்வர்டு பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார். திருச்சி, தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் உள்ள பழைய விளையாட்டுச் சாமான் கடை. குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர், மகளுக்காக என்று தனியாகப் பணம் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த 90 சதவீத கார்பன், லோ போ மட்டையைக் காட்டினார், விலை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். "ராணி ராம்பால் மாதிரி வரணும் டீச்சர், அதுக்கு இந்த மாதிரி ஸ்டிக்தானே வேணும்?" என்றார். அந்த மனுஷனின் ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ராணியின் கதையைப் பின்னாலிருந்து படித்துவிட்டார்.

முன்னாலிருந்து படித்தால் இப்படி வரும். ஹரியானாவில் ஷாஹாபாத் மார்கண்டா என்ற சின்ன ஊர், அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர், 1994-ல் பிறந்த பெண். மட்டை வாங்க வழியில்லாமல் உடைந்த மட்டையை வைத்துப் பழகியதை அவரே சொல்லியிருக்கிறார். பயிற்சிக்குப் போட உடுப்பு இல்லாமல் சல்வார் கமீஸில் ஓடியிருக்கிறார். பயிற்சியாளர் பல்தேவ் சிங், அங்கே வருகிற பிள்ளைகள் தினம் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும் என்று கட்டளை. வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும், அதில் தண்ணீரைக் கலந்து அளவைச் சரிக்கட்டிக் குடித்திருக்கிறார். வீட்டில் கடிகாரம் இல்லை, அம்மா வானத்தைப் பார்த்து நேரம் கணித்து எழுப்பிவிடுவாராம். இதிலிருந்து புறப்பட்ட பெண், பதினைந்து வயது நிறையுமுன் 2008-ல் இந்திய சீனியர் அணிக்குள் வந்துவிட்டார். 2010 உலகக் கோப்பை அர்ஜென்டினாவின் ரொசாரியோவில். பதினைந்து வயதில் அங்கே போய் ஏழு கோல் அடித்து, போட்டியின் சிறந்த இளம் வீராங்கனை என்ற விருதோடு திரும்பினார். 2013-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்களுக்கு வெண்கலம், இங்கிலாந்தை ஷூட் அவுட்டில் வென்றார்கள், அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனையும் இவரே. 1980 மாஸ்கோவுக்குப் பிறகு 36 வருஷம் கழித்து 2016 ரியோவுக்கு இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக் போனபோது அதிலும் இருந்தார்.

நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி போட்டுக் காட்டுவது 2019 நவம்பர், புவனேஸ்வரில் அமெரிக்காவோடு நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டி. இரண்டு ஆட்டம், மொத்த கோல் கணக்கு. முதல் ஆட்டத்தில் 5-1 என்று ஜெயித்தாகிவிட்டது, ஊரே டோக்கியோ டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று நினைத்தது. அடுத்த நாள் பாதி ஆட்டம் முடிவதற்குள் அமெரிக்கா நாலு கோல் போட்டு 5-5 என்று சமம் பண்ணிவிட்டது. கையிலிருந்தது நழுவிப்போகிறது, மைதானத்தில் எல்லார் முகமும் வெளுத்துப்போகிறது, அந்த நேரத்தில் 48-வது நிமிஷம் கேப்டன் ராணி வட்டத்துக்குள்ளிருந்து அடித்தார். 6-5. அந்த ஒரு கோல் இல்லையென்றால் டோக்கியோ இல்லை, ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 1-0 என்று குர்ஜித் கவுர் கோலில் மடக்கியது இல்லை, நாலாம் இடம் இல்லை, 2021 ஆகஸ்ட் 6-ம் தேதி பிரிட்டனிடம் 3-4 என்று தோற்றபோது நம் வீட்டுப் பெண்களெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுததும் இல்லை. கிரிக்கெட் தவிர வேறெதற்கும் சத்தம் கூட்டாத எங்கள் டீக்கடை டி.வி. அன்றைக்கு ஹாக்கிக்கு அலறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை முழுக்க எங்கே தேடினாலும் மட்டை என்பது கடைசி வரிசையில்தான் வருகிறது. ஷாஹாபாத் என்ற ஒரே ஊரிலிருந்து ராணி மட்டுமில்லை, ரீது ராணி, நவ்ஜோத் கவுர், நவ்நீத் கவுர் என்று வரிசையாக இந்திய அணிக்கு வந்தார்கள். ஒரே ஊர்த் தண்ணீரில் ஏதாவது விசேஷம் இருக்குமா என்ன? தினமும் மைதானத்துக்கு வருகிற ஒரு பயிற்சியாளர், தினமும் ஆடக் கிடைக்கிற ஒரு மைதானம், விடிகாலையில் எழுப்பிவிட ஒரு வீடு. 90 சதவீத கார்பன் மட்டை பிடிக்கிற கை தினம் மணிக்கணக்கில் டர்ஃபில் பழகிய கை. அந்த அப்பாவிடம் இதைச் சொல்லி, மீதிப் பணத்துக்கு நல்ல ஷின் கார்ட், மவுத் கார்ட், ஒரு டர்ஃப் ஷூ வாங்க வைத்தேன். முறைத்துக்கொண்டுதான் வாங்கினார். மண்டலப் போட்டிக்குத் திருச்சி டர்ஃபுக்குப் போனபோது அந்த ஷூவின் அருமை அவருக்கே தெரிந்துவிட்டது, மற்ற பிள்ளைகள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மட்டை வாங்க நன்கொடை கேட்டு ஊரில் பெரிய மனுஷர் ஒருவரிடம் போனோம். அவரும் ராணி கதை படித்திருக்கிறார். "உடைஞ்ச ஸ்டிக்கை வச்சுக்கிட்டே அந்தப் பொண்ணு இந்தியாவுக்கு ஆடலியா? மனசு இருந்தா போதும் டீச்சர்" என்று ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. உடைந்த மட்டையால் ராணி வரவில்லை ஐயா, உடைந்த மட்டை இருந்தும் வந்தார், அப்படி வராமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. போட நன்கொடை கேட்டால் இதே மனுஷர் மனசு இருந்தால் போதும் என்று சொல்வாரா? ஒரு வீராங்கனை தன் வறுமையைப் பற்றி வாய் திறந்து சொன்னதை, இன்னொரு பிள்ளைக்குச் செலவு செய்யாமல் இருக்கக் காரணமாக வைத்துக்கொள்வது எனக்கு ஆகவே ஆகாது. ஆடம்பர மட்டையும் வேண்டாம், உடைந்த மட்டையும் வேண்டாம், நடுவில் 3,000 ரூபாய் என்று ஒரு விலை இருக்கிறது.

சரி, கடை. கடைக்காரர் பழைய ஆட்டக்காரர் மாதிரி தெரிகிறது, நான் கேட்கவில்லை, ஆனால் மட்டையை எடுத்துக் கொடுக்கும்போது கைப்பிடியை நம் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் டீமில் ஒரு பெண் சோற்றுக்கு மட்டும் வலது கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடது கை. "அண்ணே, லெஃப்ட் ஹேண்ட் ஸ்டிக் இருக்கா?" என்று அவளே கேட்டுவிட்டாள். வேறு கடையாக இருந்தால் ஆர்டர் போட்டுத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கியிருப்பார்கள். இவர் சிரித்துவிட்டு, "ஹாக்கியில லெஃப்ட் ஹேண்டே கிடையாது ஆயி, விக்கிறவன் வித்தாலும் அம்பயர் ஆடவிட மாட்டார்" என்றார். மட்டையின் தட்டைப் பக்கம் இடதுபுறம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது விதி, உருண்டைப் பக்கத்தில் பந்து பட்டால் ஃபவுல். இடக்கைக்காரர்களுக்கு மேலே பிடிக்கிற இடது கையில்தான் மட்டையைத் திருப்புகிற வேலை முழுக்க இருக்கிறது, மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆடுகிற ரிவர்ஸ் எல்லாம் லேசாக வரும், கவலைப்படாதே என்று அவளுக்குத் தைரியமும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ரிவர்ஸ் இப்போது நிஜமாகவே நன்றாக வருகிறது.

உயரத்துக்கு மட்டை பார்த்துக் கொடுப்பதிலும் மனுஷர் கெட்டி. பக்கத்தில் நிறுத்தி இடுப்பெலும்பு உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்து, இரண்டு சின்னப் பெண்களுக்கு 36.5 வேண்டாம், 35 எடுங்கள் என்று விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்தார். வளர்கிற பிள்ளை, பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டைக்குப் பார்க்கிற கணக்கை மட்டைக்குப் பார்க்கக் கூடாது, குனிந்து ஆட வேண்டியவள் நிமிர்ந்து ஆடிப் பழகிவிடுவாள்.

கடையில் குறைகளும் இருக்கின்றன. பில் கேட்டால் இழுக்கிறார். பள்ளிக் கணக்கில் காட்ட ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்று சொன்ன பிறகு, கம்ப்யூட்டர் பையன் சாப்பிடப் போயிருக்கிறான் என்று எங்களை வெகு நேரம் காக்க வைத்தார். கார்டு மெஷின் இருக்கிறது, வேலை செய்யவில்லை, ஜிபே உண்டு. சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து போவதே நிம்மதி. மரமட்டை கேட்டால் முகம் சுளிக்கிறார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் புதிதாக வருகிற பிள்ளைக்கு எண்ணூறு ரூபாய் மல்பெரி மரமட்டையே போதும். அது உடைந்தால் பிசின் போட்டுத் தளைக்கயிறு இறுக்கிச் சுற்றி இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம், காம்போசிட்டில் விரிசல் விட்டால் அதோடு சரி, விறகுக்குக்கூட ஆகாது. மரத்துக்கு ஒரே எதிரி தண்ணீர், நனைந்தால் ஊதிவிடும், அதனால் ஐப்பசி பிறந்ததும் மரமட்டைகளைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு காம்போசிட்டை மட்டும் வெளியே எடுக்கிறோம். காம்போசிட்டுக்கு எதிரி வெயில், சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

எங்கள் மட்டைகளில் ஒன்று மட்டும் முறிந்தது. தடுப்பாட்டப் பெண் முழு வேகத்தில் விட்ட ஹிட், பந்தைத் தவறவிட்டு நேரே கப்பியில். தலைக்குச் சற்று மேலே குறுக்காக விரிசல். கடைக்காரரிடம் கொண்டுபோனபோது புதிது மாற்றித் தர மாட்டேன், அடிபட்டு உடைந்ததற்கு கம்பெனி பொறுப்பேற்காது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான், ஆனால் வாங்கும்போது "ஆறு மாசம் வாரண்டி இருக்கு மேடம்" என்று சொன்ன அதே வாய். வாரண்டி என்றால் எதற்கு என்று வாங்கும்போதே கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: மட்டைக்கு நாலு, கிரிப்புக்கு ஒன்று, கடைக்கு மூன்றரை. அந்த அரை, இடக்கைப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னதற்கு.

யார் வாங்கலாம் என்றால், மண் தரையில் ஆடுகிற, குறுவட்டம், மாவட்டம் என்று ஒன்றிரண்டு வருஷம் ஆடிவிட்ட, எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். விடுதியில் இடம் கிடைத்து டர்ஃபில் தினம் ஆடப் போகிறாள் என்றால் அங்கே உள்ள கோச் சொல்கிற மட்டையை வாங்குங்கள், நான் சொல்வதை விட்டுவிடுங்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரே இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஆடும்போதே கோல் கணக்கைத் திறந்தார், அவரும் கோவில்பட்டி விடுதிக்குப் போய்ப் பழகிய பிறகுதான் அது நடந்தது. பெண்களுக்கும் அதே வழிதான், மட்டை அந்த வழியில் பஸ் டிக்கெட் மட்டும்.

ராணியே கடைசியில் எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள். டோக்கியோவுக்குப் பிறகு தொடைத் தசை காயம், 2022 உலகக் கோப்பை அணியில் இடம் இல்லை, பெரும் பெயர் எடுத்தவருக்கு அந்த இரண்டு வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பத்மஸ்ரீ, கேல் ரத்னா எல்லாம் கையில் இருந்தும் பெஞ்சில்கூட இடமில்லை. 2024 அக்டோபரில் 254 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வு அறிவித்தார், அவர் போட்ட 28-ம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது. ரேபரேலியில் ஒரு ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் 2025 ஜனவரியில் ராஞ்சியில் தொடங்கியபோது சூர்மா அணிக்கு வழிகாட்டியாக வெளியே நின்றார். அந்த லீக் எங்கள் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பெரிய விஷயம். ஹாக்கி ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்பதைத் தாண்டி, ஏலத்தில் ஒரு பெண்ணுக்கு லட்சக்கணக்கில் விலை போகும் என்று வீட்டில் காட்ட இப்போது ஒரு சாட்சி இருக்கிறது.

இன்னொரு சாமானுக்கும் ஆலோசனை கேட்டு வைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோல்கீப்பர் கிட். லெக் கார்ட், கிக்கர் (பாதக் கவசம்), மார்புக் கவசம், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கீழே உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை, இருக்கிற பழைய கிட்டில் ஃபோம் நசுங்கிப் பலகையாகிவிட்டது, 160 கிராம் பந்து வேகமாக வந்து பட்டால் எலும்புக்குத் தெரியும். எங்கள் கீப்பர் கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். பெண்களுக்குப் பயணம் இலவசம், ஆனால் இவளைவிடப் பெரிதாக இருக்கிற கிட் பையைப் பார்த்ததும் ஒரு கண்டக்டர், "ஆளுக்கு டிக்கெட் வேணாம்மா, மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்கிறார், இன்னொருவர் ஏற்றுவதே இல்லை. அவளிடம் இந்திய அணி கோல்கீப்பர் சவிதா பூனியாவைப் பற்றிச் சொன்னேன். ஹரியானாவில் கிராமத்திலிருந்து பயிற்சிக்குப் போகும்போது கோல்கீப்பர் பையை பஸ்ஸுக்குள் விடாமல் மேலே கூரையில் போடச் சொல்வார்களாம், அலுத்துப்போய் ஹாக்கியையே விட்டுவிடலாம் என்று நினைத்தவர், பிறகு தொடர்ந்து மூன்று முறை உலகின் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கினார். கேட்டுவிட்டு, "அவங்க பஸ்ல கூரை இருந்திச்சு மிஸ், நம்ம பஸ்ல கூரைக்கு ஏணியே இல்லையே" என்றாள். பழைய கிட்டைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு, ஞாயிறு பயிற்சிக்கு மட்டும் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் யாரிடமாவது ஆடாமல் கிடக்கிற நல்ல கிட் இருந்தால், அல்லது வாங்கி ஏமாறாத கடை தெரிந்தால், பெண்கள் அளவு மீடியம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.